பங்களா ஹாலில் நின்ற புள்ளிச் செடி

ஹட்டன் பஜாரில் இப்போது செடிகளைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். மஞ்சள் புள்ளி தெளித்த இலை, வெள்ளைக் கரை போட்ட இலை, நரம்பு சிவந்த இலை என்று பல தினுசு. வீட்டுக்குள்ளேயே வளருமாம். போன மாதம் என் மருமகளும் புள்ளி போட்ட செடி ஒன்றை வாங்கி வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். "மாமா, நீங்கதானே பங்களாவுல தோட்டக்காரரா இருந்தீங்க. இத எப்படி வளக்கிறதுன்னு சொல்லுங்க" என்றாள். "முதல்ல டிவி பக்கத்துலேருந்து எடு" என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அழகுக்காகத்தான் அங்கே வைத்திருந்தாள் போல.

அவள் மட்டும் இல்லை. நுவரெலியாவில் ஓட்டல்களில் தோட்ட வேலை செய்கிற எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பையன்கள் லீவில் வரும்போது இதையேதான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். ஆனால் புள்ளிச் செடியைப் பற்றி எழுதினால் ராமாயியைப் பற்றியும் எழுத வேண்டிவரும். அந்தச் செடியால் ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு ரோட்டுக்கு வர இருந்தது. பேப்பரில் வராத சங்கதி. பார்த்தவர்களிலும் இப்போது நான்தான் மிச்சம்.

நான் வேலை பழகியதைப் பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. றொசல்லை ஸ்டேஷனுக்கு மேலே, மழைக்குப் பேர்போன ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். பிறந்தது அங்கே. தேயிலை நாற்றுமேடையில் மண் சலித்தேன், கூடை தூக்கினேன், கன்றுக்குப் பந்தல் போட்டேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் கணக்கப்பிள்ளை வந்து, "மாரிமுத்து, நாளையிலேருந்து பங்களா தோட்டத்துக்குப் போ" என்றார். போனேன். ரோசாவுக்குக் கவ்வாத்து வெட்டவும் புல்தரையைச் சமப்படுத்தவும் திட்டு வாங்கி வாங்கியே பழகிக்கொண்டேன். அவ்வளவுதான் என் படிப்பு.

பங்களாவுக்கு வெளியே இருப்பதெல்லாம் என் பொறுப்பு. உள்ளே ஒன்றே ஒன்று என் பொறுப்பு. அது ஹாலில் பெரிய சாடியில் நின்ற புள்ளிச் செடி. வெள்ளைக்காரர்கள் அதற்கு என்னவோ பெயர் சொல்வார்கள். நாங்கள் புள்ளிச் செடி என்றே சொன்னோம். என் இடுப்புக்கு மேல் உயரம். இலை தடித்து, பளபளவென்று, விளிம்பில் பல் வைத்திருக்கும். அடர்பச்சையில் மஞ்சள் பொட்டுப் பொட்டாகத் தெளித்திருக்கும். பூ கண்ணுக்கே தெரியாது. வருஷம் முழுக்க இலை உதிராது. இலைக்காகவே வளர்க்கிற செடி.

அந்தச் செடி வந்த வழியை, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பெண்சாதி துரைசாணி ஒருநாள் சைகையும் பேச்சுமாகச் சொன்னார். சீமையில் அவருடைய அம்மா வீட்டு நடையில் நின்ற செடியாம் தாய். அதில் ஒரு துண்டு வெட்டி, ஈரப் பாசியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார். அம்மா இறந்துவிட்டார். வீடும் யுத்தத்தில் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஹாலில் நின்ற அந்தச் சாடிதான்.

துரைசாணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தமிழை ஒரு புத்தகம் வைத்துப் படித்திருந்தார். அந்தப் புத்தகத்தில் கட்டளைகள் மட்டும்தான் இருந்திருக்க வேண்டும். "வா. நில். கழுவு. எடு. போ." இதற்கு மேல் அவர் தமிழ் போகாது. திருவிழாவுக்கு அழைக்க வந்த கோயில் பூசாரி ஐயாவையே, "வா, உட்கார், பேசு" என்றார். பூசாரி பயந்துபோய் உட்காராமலே பேசிவிட்டு ஓடினார். ஆனால் அவர் மனதில் மரியாதைக் குறைச்சல் கிடையாது. ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, சும்மா பார்ப்பார். நாமாகவே என்ன தப்பு என்று கண்டுபிடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். துரை கத்தினால்கூடத் தேவலை, இந்தப் பார்வையைத் தாங்க முடியாது.

செடி வளர்த்த முறையைச் சொல்கிறேன், பையன்கள் கவனிக்கட்டும்.

சாடிக்கு அடியில் உடைந்த ஓடும் அடுப்புக்கரியும். அதற்கு மேல் காட்டோரத்து இலைமக்கு, ஆற்று மணல், மக்கிப் பழசான மாட்டெரு, மூன்றையும் சலித்துக் கலந்தது. தண்ணீர் ஊற்றுவதற்குக் கடிகாரம் பார்க்கக்கூடாது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். மேல்மண் காய்ந்திருந்தால் ஊற்றலாம், ஈரம் ஒட்டினால் விட்டுவிட வேண்டும். எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் சுவரே வேர்க்கும், அப்போது வாரக்கணக்கில்கூடத் தண்ணீர் காட்டாமல் இருந்திருக்கிறேன். தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி இலை நுனியிலிருந்து கறுக்கும். அதிகம் ஊற்றியே கொன்றுவிடுகிறவர்கள்தான் உலகத்தில் நிறையப் பேர்.

வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். வடக்கு ஜன்னல் ஓரம் அதற்குப் பிடித்த இடம். சூடு ஆகவே ஆகாது. ஹாலில் சாயங்காலம் விறகுக் கணப்பு மூட்டுவார்கள். முதலில் செடி அதற்குப் பக்கத்தில்தான் நின்றது, இலை காய்ந்து காய்ந்து விழுந்தது. துரைசாணியே இடம் மாற்றினார். டிவியும் சூடுதான், அதனால்தான் மருமகளிடம் சொன்னேன். செடி ஒரே பக்கம் சாயாமல் இருக்க அவ்வப்போது சாடியைக் கொஞ்சம் திருப்பி வைப்பேன். பிறகு இலை கழுவுவது. வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய மல் துணியை நனைத்து, இடது உள்ளங்கையை இலைக்கு அடியில் கொடுத்து, காம்பிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. அடிப்பக்கத்தில் மாவுப்பூச்சி இருந்தால் சோப்புத் தண்ணீர். ஒவ்வொரு இலைக்கும் இப்படி. குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலச் செய்வேன் என்று சமையல்கார அப்பு கிண்டல் செய்வார்.

கத்தி மட்டும் என் கையில் வராது. புள்ளிச் செடியில் எப்போதாவது அடியிலிருந்து ஒரு கிளை முழுப் பச்சையாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் கிளம்பும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். மஞ்சள் புள்ளி உள்ள இடம் செடிக்குச் சோறு சமைக்காது, பச்சைதான் சமைக்கும். அதனால் பச்சைக் கிளை மற்றதைவிட வேகமாக வளரும். விட்டுவிட்டால் செடி முழுக்கப் பச்சையாகிவிடும், புள்ளிக் கிளைகள் இளைத்துப்போகும். அதை அடியோடு வெட்ட வேண்டும். துரைசாணி அதைத் திருடன் என்பார். "திருடன் வந்தான்" என்று சொல்லி, எலும்புப் பிடி போட்ட ஒரு சின்னக் கத்தியை எடுத்துத் தானே வெட்டுவார். நான் வெட்டப்போனால், "தொடாதே." அவருக்கு அம்மா வீட்டு வேலை அது ஒன்றுதான் பாக்கி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் தென்மேற்கு மழை விடாமல் பெய்தது. துரைசாணி காய்ச்சலில் படுத்தார், ஹட்டன் டாக்டர் வந்து மாடியைவிட்டு இறங்கவே கூடாது என்றுவிட்டார். செடியின் அடியில் ஒரு பச்சைக் கிளை கிளம்பிக்கொண்டிருந்தது. கத்தி மாடியில், துரைசாணியின் மேசையில். நான் தொடவில்லை, தொட எனக்கு உத்தரவும் இல்லை. அது சாண் உயரம் வளர்ந்து, நாலைந்து ஜோடி இலையும் விட்டுவிட்டது.

அதே நேரத்தில் மலையில் வேறு ஒரு தொல்லை. தேயிலைக்குக் கொப்புள நோய் வந்திருந்தது. எங்கள் தோட்டத்துக்கு அது புதுசு. இளம் இலையில் முதலில் மங்கலான மஞ்சள் புள்ளியாகத் தெரியும். பிறகு அது கொப்புளித்து வெள்ளை மாவு பூக்கும், அந்த மாவு காற்றிலும் பனியிலும் பறந்து அடுத்த மலைக்குப் போகும். கொழுந்தெல்லாம் நாசம். துரைக்குத் தூக்கம் போயிற்று. விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, அவரே ஒரு நோய் இலையைத் தூக்கிக் காட்டிச் சொல்வார். துரைசாணி மாதிரி இல்லை, அவர் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. "புள்ளியப் பாத்தியா? பாத்ததும் கிள்ளு. யாரையும் கேக்காதே. எங்க பாத்தாலும் கிள்ளு. கீழே ஒண்ணும் விழக்கூடாது. சாக்குல போட்டுக் கட்டு, கொண்டுபோய் எரி. எரிச்சிட்டுக் கையக் கழுவு. விட்டுட்டு வந்தது தெரிஞ்சா பேர் வெட்டுவேன்." பேர் வெட்டினால் வேலை போயிற்று. தினமும் இதே பாடம்தான். லயத்துப் பிள்ளைகள்கூட துரை மாதிரி விறைப்பாக நின்று, "புள்ளியப் பாத்தியா?" என்று விளையாடின.

புள்ளி இலை கிள்ளுவதற்கென்று பிரித்த கூட்டத்தில் முதல் ஆள் ராமாயி. முப்பது வயது இருக்கும். கண் கூர்மை, கை சுத்தம். இலையைக் கிள்ளினால் காம்படியில் இருக்கிற மொட்டுக்கண் சேதமாகாது. அவளுடைய புருஷன் கருப்பையா தோட்டத்துச் சங்கத் தலைவர். அந்த மழைக்குச் சற்று முன்னால்தான் ஒரு வேலைநிறுத்தம் நடந்து முடிந்திருந்தது. முன்னால் நின்றவர் கருப்பையா. துரை அதை மறந்திருக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை.

துரைசாணிக்குக் காய்ச்சல் என்பதால் கூடமாட இருந்து அறைகளைத் துடைக்க மலையிலிருந்து ஒரு பெண்ணாளை அனுப்பும்படி துரை சொன்னார். பங்களா ஆயா பிரசவத்துக்குப் போயிருந்தாள். கணக்கப்பிள்ளை நல்ல வேலைக்காரியாக அனுப்ப வேண்டுமென்று ராமாயியை அனுப்பினார். அவள் அதற்கு முன் பங்களா படி ஏறியதில்லை. அன்று காலையில்தான் றொசல்லை ஸ்டேஷனுக்கு வந்திருந்த விதைப் பெட்டியை எடுத்துவர நான் கீழே இறங்கினேன்.

நான் இல்லாதபோது நடந்ததை அப்புவிடமும் ராமாயியிடமும் கேட்டுத்தான் பின்னால் தெரிந்துகொண்டேன். அவள் ஹாலைத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஜன்னலோரம் செடி. இலை பூராவும் மஞ்சள் புள்ளி. மலையில் ஒரு புள்ளிக்கே பேர் வெட்டு, இங்கே துரையின் வீட்டுக்குள்ளேயே ஒரு செடி முழுக்க நோய் பிடித்து நிற்கிறது, யாரும் கவனிக்கவில்லை. ஜன்னல் திறந்தால் நேரே எதிர் மலை. வேறு நினைப்பே அவளுக்கு வரவில்லை. சாக்கு கேட்டாள், அப்பு கொடுத்தார். செடிக்கு அடியில் சாக்கை விரித்து, ஒவ்வொரு இலையாகக் கிள்ளி, புள்ளி உள்பக்கம் இருக்கும்படி மடித்துப் போட்டுக் கட்டி, குசினிக்குப் பின்னால் குழியில் வைத்து எரித்தாள். மண்ணெண்ணெயும் அப்புதான் கொடுத்தார். பிறகு சாம்பலில் சுண்ணாம்பு தூவி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, மறுபடி தரை துடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

துரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். ஜன்னலோரம் வெறும் குச்சிகள் நின்றன. அவர் போட்ட சத்தம் ஸ்டேஷனிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த எனக்கு வளைவிலேயே கேட்டது.

"யார் செய்தது?"

"நாந்தாங்க தொரை. நோவு புடிச்சிருந்துச்சு. எரிச்சிட்டேங்க."

"யார் சொல்லி செய்தே? உன் புருஷனா?"

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. துரைக்கோ எல்லாம் விளங்கிவிட்டது. வேலைநிறுத்தத்தில் தோற்றவன் பெண்டாட்டியை அனுப்பி, நோயில் கிடக்கிற மனுஷியின் செடியை நாசம் பண்ணியிருக்கிறான். அப்புவைக் கேட்டபோது, துரையைச் சிங்களத்தில் மஹத்தயா என்றே கூப்பிடுகிற அவர், "ஐயோ மஹத்தயா, நான் ஒண்ணும் காணல்ல" என்று கையை விரித்துவிட்டார். மண்ணெண்ணெய் வாசம் அவர் சட்டையில் அப்படியே இருந்தது. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது.

"பேர் வெட்டியாச்சு. குடும்பத்தோட லயத்தைக் காலி பண்ணு" என்றார் துரை. மறுநாள் ஆபீசில் விசாரணை என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். செடியைத் தூக்கி எறியச் சொல்லி எனக்கு உத்தரவு. துரைசாணி காதுக்கு இது போனால் எனக்கும் பேர் வெட்டு என்றும் சொன்னார்.

தோட்டத்தில் பேர் வெட்டினால் குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் போய்விடும். அந்த நாளில் எங்களுக்கு ஓட்டும் இல்லை, இந்த நாட்டுப் பிரஜை என்ற பெயரும் இல்லை. தலைவர் பெண்டாட்டி என்று தெரிந்தால் அடுத்த தோட்டத்துத் துரையும் சேர்க்கமாட்டார். ராமாயிக்கு மூன்று பிள்ளைகள், கண் தெரியாத மாமியார். இந்தியாவில் அவர்களுக்கு ஓர் ஊர்ப் பெயர் தெரியும், அந்த ஊருக்கு வழி தெரியாது. அன்று சாயங்காலம் நான் லயத்துக்குப் போனபோது ராமாயி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. "நா என்னண்ணே தப்பு செஞ்சேன்? அத மட்டும் யாராச்சும் சொல்லுங்களேன்" என்றாள். கருப்பையா வாசலில் குந்தி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செடியை எறியவில்லை. கிடங்கில் மறைத்து வைத்திருந்தேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் அதை நன்றாகப் பார்த்தேன். பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். புள்ளி இலை ஒன்றுகூட இல்லை. ஆனால் அடியில் கிளம்பிய அந்தப் பச்சைக் கிளை அப்படியே நின்றது. ஒரு இலை குறையவில்லை. நாசம் பண்ண வந்தவள் அதை விட்டுவைப்பாளா? கெட்டியாக நின்ற அதைத்தானே முதலில் ஒடிப்பாள்? துரையிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் கேட்கிற மனுஷனாக அவர் அப்போது இல்லை. அந்தக் கிளையைப் பார்த்ததும் விஷயம் புரிகிற ஆள் அந்தத் தோட்டத்தில் ஒருவர்தான் இருந்தார், அவர் மாடியில் படுத்திருந்தார்.

சாடியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். அப்பு குறுக்கே வந்து கையை நீட்டினார். "பைத்தியமா? மஹத்தயா உன்னையும் தொலைப்பார்!"

"தள்ளு அப்பு. இல்லாட்டி மண்ணெண்ண குடுத்தது யாருன்னு தொரைகிட்ட சொல்லவா?"

அவர் விலகிவிட்டார். சாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு.

துரைசாணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். செடியைக் கண்டதும் அவர் வாயிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது, அது பேச்சில்லை. பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். வழக்கம்போலப் பார்த்தார். குச்சிகளை மேலிருந்து கீழே பார்த்தார். காம்படிக் கண்களைப் பார்த்தார். பச்சைக் கிளையில் வந்து பார்வை நின்றது. வெகுநேரம் நின்றது.

"யார்?"

"ராமாயிங்க. மலையில புள்ளி எல கிள்ளுற ஆளு."

"எங்கே?"

"ஆபீஸ்லங்க. பேர் வெட்டுறாங்க."

அவர் போர்வையை விலக்கினார். "செடி எடு" என்றார்.

இரவு உடுப்புக்கு மேலே துரையின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, குடை பிடித்து, சேற்றுப் பாதையில் அவர் முன்னால் நடந்தார். சாடியைத் தோளில் வைத்துக்கொண்டு நான் பின்னால். ஆபீஸ் வராந்தாவில் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, கணக்கப்பிள்ளை, கருப்பையா, ராமாயி எல்லாரும் நின்றார்கள். துரைசாணி தோட்டத்து ஆபீசுக்குள் கால் வைத்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. சாடியை மேசைமேல் வைக்கச் சொன்னார். இங்கிலீசில் துரையிடம் மெதுவாக ஏதோ பேசினார், விரலால் அந்தக் கிளையைத் தொட்டுக் காட்டினார். துரையின் கழுத்து சிவந்தது. கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பினார்.

"ஏய், ராமாயி. இந்தக் கிளைய ஏன் விட்டே?"

"அதுல புள்ளி இல்லீங்களே தொரை."

"இது தேயிலை இல்லேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. ஆனா தேயிலையில மட்டும் கிள்ளுன்னு தொரை சொல்லலீங்களே. எங்க பாத்தாலும் கிள்ளு, யாரையும் கேக்காதேன்னுதானே பெரட்டுல சொன்னீங்க."

கண்டாக்கு ஐயா யாழ்ப்பாணத்து மனுஷர், நல்லவர்தான், நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "சரி, சரி. துரையிட்ட மன்னிப்புக் கேள். எல்லாம் முடிஞ்சிடும்."

"கேக்குறேங்க ஐயா. காலுல வேணும்னாலும் விழுறேன்." ராமாயி துரையை நேராகப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுங்க தொரை. நாளைக்கு மலையில புள்ளி எலையப் பாத்தா நா கிள்ளணுமா, இல்ல வந்து ஒங்களைக் கேட்டுட்டுக் கிள்ளணுமா?"

காரியம் கூடிவருகிற நேரத்தில் இவள் வாயாடிக் கெடுத்துக்கொள்கிறாளே என்று நினைத்தேன். கருப்பையா கண்ணை மூடிக்கொண்டார். துரை மேசையிலிருந்த செடியைப் பார்த்தார், பெண்சாதியைப் பார்த்தார். துரைசாணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எப்படி என்று எனக்குத் தெரியும். துரைக்கும் தெரிந்திருக்கும்.

"கிள்ளு" என்றார் துரை. கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பி, "பேர் இருக்கட்டும்" என்றார்.

துரைசாணி ராமாயியிடம் போனார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார், அவருடைய புத்தகத்தில் அதற்குத் தமிழ் இல்லை. கடைசியில், "நீ வேலை செய்" என்றார். ராமாயி கும்பிட்டாள். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.

இனி செடிக்கு என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். இலையெல்லாம் போன செடியால் தானே சோறு சமைக்க முடியாது. மிச்சமிருந்தது அந்தப் பச்சைக் கிளை ஒன்றுதான். துரைசாணி வழக்கமாக அதை வெட்டுகிறவர். இப்போது வெட்டினால் செடியே செத்துப்போகும். தேயிலைக்கு உயரத்து மலைகளில் கவ்வாத்து வெட்டும்போது ஒரு கிளையை இலையோடு விட்டுவிடுவார்கள். புதுத் தளிர் வரும்வரை செடி அதில் மூச்சு விடும், தளிர் வந்ததும் அதையும் வெட்டிவிடுவார்கள். அப்படியே செய்வோம் என்று இருவருக்கும் ஒரே யோசனை. தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். எரு போடவே இல்லை. நோயாளிக்கு விருந்து வைக்கக்கூடாது. மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்த்தபோது குச்சிகளில் கண்கள் பருத்தன. பிறகு தளிர் வந்தது. சுருண்ட இலை விரிந்தபோது அதில் மஞ்சள் பொட்டு இருந்தது. துரைசாணி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தளிர் முற்றியது. இனிப் பச்சைக் கிளையை எடுக்க வேண்டும். துரைசாணி ராமாயியை மலையிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். அவள் ஹாலுக்கு வெளியிலேயே நின்றாள். "வா" என்று கூப்பிட்டு, அந்த எலும்புப் பிடிக் கத்தியை அவள் கையில் கொடுத்தார். வேறு யாருக்கும் கொடுக்காத கத்தி. அவருக்குத் தெரிந்த விதத்தில் செய்த மரியாதை அது. "வெட்டு" என்றார்.

ராமாயி கத்தியைப் பார்த்தாள், கிளையைப் பார்த்தாள். கத்தியை இரண்டு கையாலும் திருப்பி நீட்டினாள்.

"நா கிள்ளாம விட்டது இது ஒண்ணுதாங்கம்மா. இதையும் என் கையால வெட்ட வைக்காதீங்க."

துரைசாணிக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கத்தியை வாங்கி, தானே குனிந்து கிளையின் அடியில் வைத்தார். நான் துண்டை விரித்துப் பிடித்திருந்தேன். வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து கத்தியை மடக்கினார்.

"விடு" என்றார் என்னிடம்.

அதன் பிறகு அந்தப் பச்சைக் கிளையில் கத்தி படவில்லை. புள்ளிக் கிளை ஒன்றிலிருந்து துண்டு எடுத்து வேறு சாடியில் வைக்கச் சொன்னார். அது வேர் பிடித்து அவர் படுக்கையறையில் நின்றது. ஹாலில் நின்ற தாய்ச் செடி மட்டும் வருஷத்துக்கு வருஷம் பச்சையாகிக்கொண்டே போனது. "புள்ளி போகுதுங்கம்மா" என்று ஒருநாள் சொன்னேன். "தெரியும்" என்றார். கடைசியில் காட்டோரத்தில் எங்கேயும் பார்க்கக்கூடிய ஒரு சாதாரணப் பச்சைச் செடியாக அது நின்றது. விருந்துக்கு வருகிற துரைமார், இதை எதற்கு ஹாலில் வைத்திருக்கிறீர்கள் என்பதுபோலப் பார்ப்பார்கள். துரை அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

சில வருஷம் கழித்து அவர்கள் சீமைக்குப் போனார்கள். சாமான் கட்டுகிற அன்று துரைசாணி என்னைக் கூப்பிட்டு, பச்சைச் செடியைச் சாடியிலிருந்து எடுத்து மண்ணில் வைக்கச் சொன்னார். எங்கே வைப்பது என்று கேட்டேன்.

"ராமாயியைக் கேள்."

மலைக்குப் போய்க் கேட்டேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே சொன்னாள்: "பெரட்டுக் களத்துல வைங்கண்ணே. புதுத் தொரை வந்து கிள்ளு, எரின்னு கத்தும்போது அதுவும் கேட்டுக்கிட்டு நிக்கட்டும்."

அங்கேயே வைத்தேன்.